“அது அவங்க ரத்தத்துலயே இருக்கு”: என்.பி.ஏ. வீரர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வைப் பார்க்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். நேர வித்தியாசத்தைச் சபித்துக்கொண்டே விடியற்காலையில் எழுந்து உட்காருகிறார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வசனங்கள் தவறாமல் வந்துவிடும். கறுப்பின வீரர் ஒருவர் எகிறி, பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணித்து டங்க் அடித்தால், “அது அவங்க ரத்தத்துலயே இருக்கு”. வெள்ளையின வீரர் ஒருவர் யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் பாஸ் கொடுத்தால், “என்ன மூளை பாருங்க”.

இரண்டையும் பாராட்டாகத்தான் சொல்கிறோம். சொல்பவர் மனதில் வெறுப்பு எதுவும் இருக்காது. ஆனால் இப்படிப் பாராட்டும்போதே ஒருவருடைய உழைப்பையும் இன்னொருவருடைய உடம்பையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். பேச்சோடு போய்விட்டால்கூடப் பரவாயில்லை. யாரை அணியில் எடுப்பது, யாரை ஒதுக்குவது, யாரைப் பயிற்சியாளராக்குவது என்ற முடிவுகள்வரை இந்தப் பார்வை போயிருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

இன்று யார் அதிகமோ, அவர்கள்தான் அதற்கென்றே பிறந்தவர்கள் என்று நினைப்பது

என்.பி.ஏ. வீரர்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர்கள். அமெரிக்க மக்கள்தொகையிலோ அவர்களுடைய பங்கு ஏறக்குறைய 13, 14 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் உடனே மரபணுவுக்குத் தாவிவிடுகிறார்கள். தாவுவதற்கு முன் 1930களின் நியூயார்க்கையும் ஃபிலடெல்பியாவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அன்று அமெரிக்கக் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் யூதர்கள். ஃபிலடெல்பியாவின் ‘ஸ்பாஸ்’ அணி (தெற்கு ஃபிலடெல்பியா எபிரேயர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம் அது) அந்தக் காலத்துத் தொழில்முறை லீக்கில் வரிசையாகப் பட்டங்களை வென்றது. பின்னாளில் என்.பி.ஏ. ஆன லீக்கின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று டொரண்டோவில் நடந்தது. அதில் முதல் கூடையைப் போட்டவர் நியூயார்க் நிக்ஸ் அணியின் ஆஸி ஷெக்ட்மேன், யூதர். அந்த நிக்ஸ் அணியில் பாதிக்கு மேல் யூத இளைஞர்கள்தான்.

அதற்கும் அன்றைய நிபுணர்கள் ‘ரத்த’ விளக்கம் வைத்திருந்தார்கள். நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் பால் காலிக்கோ, இந்த ஆட்டம் யூதர்களுக்கு ஏன் ஒத்துப்போகிறது என்று எழுதினார்: விழிப்பும் சூழ்ச்சியும் நழுவி ஏமாற்றும் தந்திரமும் உள்ள மனம் இதற்கு வேண்டுமாம், அது யூதர்களிடம் இயல்பாகவே இருக்கிறதாம். குள்ளமாக இருப்பதால் உடல் சமநிலை நன்றாக வரும், அதுவும் அவர்களுக்குச் சாதகம் என்றுகூடச் சொல்லப்பட்டது. கூடைப்பந்துக்குக் குள்ளம் சாதகம்! அன்று இதைப் படித்தவர்கள் அறிவியல் படிப்பதுபோலத்தான் படித்தார்கள்.

உண்மைக் காரணம் தெருவில் இருந்தது. குடியேறிய ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள் அவை. புல்வெளி கிடையாது, மட்டை வாங்கக் காசு கிடையாது. ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தால் பத்துப் பேர் ஆடலாம். குடியேறியோருக்கான சமூக மையங்களில் உள்ளரங்குகள் இருந்தன. அடுத்த தலைமுறை படித்து, வேறு வேலைகளுக்குப் போய், நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. அதே காலத்தில் தென் மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் ஹார்லெம், சிகாகோ, ஃபிலடெல்பியா, ஓக்லண்ட் என்று வந்து இறங்கின. பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பெரும் நட்சத்திரமான பில் ரஸல், லூசியானாவின் மன்ரோ ஊரில் பிறந்து ஓக்லண்டில் வளர்ந்தது அப்படித்தான். ஹார்லெமின் ‘ரென்ஸ்’ அணி முழுக்கக் கறுப்பின வீரர்களோடு 1939இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியை வென்றது. அப்புறமும் என்.பி.ஏ. கதவு திறக்க 1950 ஆனது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று முதல் கறுப்பின வீரராக ஏர்ல் லாய்டு களமிறங்கினார். அதுவரை திறமை இல்லாமலா இருந்தது? அனுமதி இல்லாமல் இருந்தது.

இருபது முப்பது ஆண்டுகளில் யாருடைய மரபணுவும் மாறிவிடாது. குடியிருக்கும் தெரு மாறும், முன்னால் திறந்திருக்கும் கதவுகள் மாறும்.

அடிமைக் காலத்தை இழுத்துவருவது

படித்தவர்கள் வாயிலிருந்தும் வரும் ஒரு ‘விளக்கம்’ இது: அடிமைகளில் பலசாலிகளாகப் பார்த்து இணைசேர்த்தார்கள், கப்பல் பயணத்தில் வலுவானவர்களே பிழைத்தார்கள், அதனால்தான் இந்த உடம்பு. 1988 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரபல விளையாட்டு விமர்சகர் ஜிம்மி ஸ்னைடர் கேமரா முன் இதைச் சொன்னார். அவர் வேலைபார்த்த சி.பி.எஸ். தொலைக்காட்சி அவரை வேலையைவிட்டு அனுப்பியது.

இது கேட்க அருவருப்பான பேச்சு மட்டுமல்ல, விஷயமாகவும் தப்பு. சில தலைமுறைகளில், அதுவும் பசியும் நோயும் சித்திரவதையும் நிறைந்த வாழ்க்கையில், கூடைப்பந்துக்கு ஏற்ற ஓர் இனம் உருவாகிவிடாது. உலகிலேயே மனித மரபணு வேற்றுமை மிக அதிகமாக இருப்பது ஆப்பிரிக்காவில். ‘கறுப்பர்’ என்ற ஒரே பெட்டியில் நாம் போடுகிறவர்களுக்குள் இருக்கும் வேறுபாடு நாம் நினைப்பதைவிடப் பெரிது. இன்னொன்றும் பாருங்கள். 2019 முதல் 2025 வரை என்.பி.ஏ.வின் எம்.வி.பி. (ஆண்டின் மிகச் சிறந்த வீரர்) விருது வாங்கியவர்களில் அமெரிக்காவில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. ஏதென்ஸில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த யானிஸ், செர்பியாவின் நிகோலா யோகிச், கேமரூனின் ஜோயெல் எம்பீட், கனடாவின் ஷேய் கில்ஜியஸ் அலெக்சாண்டர். அடிமைக் கப்பல் கதையை வைத்து இந்தப் பட்டியலை விளக்க முடியுமா?

உடம்பை ஒருவருக்கும் மூளையை இன்னொருவருக்கும் பங்கு பிரிப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது என்பது என் எண்ணம். காரணம், நல்ல ரசிகர்களும் இதைச் செய்கிறார்கள்.

1987 மே மாதம், கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் செல்டிக்ஸிடம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் தோற்றது. தோற்ற கோபத்தில் டெட்ராய்ட்டின் புது வீரர் டென்னிஸ் ராட்மேன், பாஸ்டனின் நட்சத்திரம் லேரி பேர்டுக்கு இவ்வளவு புகழ் அவர் வெள்ளையர் என்பதால்தான் என்றார். அணித்தலைவர் ஐசையா தாமஸும் ஆமோதித்து, பேர்ட் கறுப்பராக இருந்திருந்தால் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவராக மட்டுமே இருந்திருப்பார் என்றார். நாடே கொந்தளித்தது. பேர்ட் விஷயத்தில் அவர்கள் சொன்னது தப்புதான், பேர்ட் மகத்தான ஆட்டக்காரர். ஆனால் அதன்பிறகு தாமஸ் கொடுத்த விளக்கத்தைப் பலர் காதில் வாங்கவே இல்லை. பேர்ட் நன்றாக ஆடினால் சிந்தனை, உழைப்பு, திட்டம் என்கிறீர்கள்; நாங்கள் ஆடினால் ஓடுகிறோம் குதிக்கிறோம் என்பதோடு முடித்துவிடுகிறீர்கள்; அம்மா வயிற்றிலிருந்து வரும்போதே பந்தைத் தட்டிக்கொண்டு வந்ததுபோலப் பேசுகிறீர்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதைப் பத்து ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு காட்டியது. 1997இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தின் வானொலி வர்ணனையை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட வீரரைக் கவனிக்கச் சொன்னார்கள். பாதிப்பேரிடம் அவர் கறுப்பர் என்று நம்பும்படி ஒரு படம், மீதிப்பேரிடம் வெள்ளையர் என்று நம்பும்படி வேறு படம். வர்ணனை ஒன்றேதான், ஒரு சொல்கூட மாறவில்லை. கறுப்பர் என்று நம்பியவர்கள், உடல்திறன் அபாரம் என்று மதிப்பெண் போட்டார்கள். வெள்ளையர் என்று நம்பியவர்கள், உடல்திறன் சுமார்தான், ஆனால் ஆட்ட அறிவும் முயற்சியும் அதிகம் என்றார்கள். காதில் விழுந்த ஆட்டம் ஒன்று, மனதில் ஓடிய ஆட்டம் இரண்டு.

சரி, களத்தில் நடப்பதைப் பார்ப்போம். அதே ராட்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 201 சென்டிமீட்டர் உயரம். வளையத்தடியில் நிற்கிற ஆட்களுக்கு இது உயரமே இல்லை. ஆனாலும் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன்களில் லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் தெறித்து வரும் பந்தைப் பிடிப்பது) சராசரி அவருடையதுதான். எகிறிக் குதித்தே பிடித்தார் என்று நினைப்போம். ராத்திரியில் நண்பர்களை ஜிம்முக்குக் கூட்டிப்போய்ப் பந்தை எறியச் சொல்வாராம். இந்தப் பக்கத்திலிருந்து எறி, அந்தக் கோணத்திலிருந்து எறி. அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்: பந்து வளையத்தில் எங்கே பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கிறது, எவ்வளவு தூரம் போகிறது, யாருடைய ஷாட்டில் பந்து எப்படிச் சுழல்கிறது என்று. எந்த ஆட்டக்காரர் எறிந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். இதைப் படிப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

லெப்ரான் ஜேம்ஸை உடம்புக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2018 மே மாதம் பாஸ்டனில் தோற்ற ஓர் ஆட்டத்துக்குப் பிறகு, நான்காம் பகுதியின் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று நிருபர் கேட்டார். லெப்ரான் அந்தச் சில நிமிடங்களை வரிசையாக ஒப்பித்தார். யார் எறிந்தார், தவறியது யாருடைய ஷாட், பந்து யார் கைக்குப் போனது, அடுத்த முறை யார் எங்கே ஓடினார் என்று ஒவ்வொன்றாக. கையில் துண்டுச்சீட்டு கிடையாது. பில் ரஸல் ஷாட்டைத் தடுக்கும்போது கூட்டத்துக்குள் அறைந்து தள்ளமாட்டார், தன் அணியினர் பக்கம் தட்டிவிடுவார்; தடுப்பு அந்தக் கணமே எதிர்த்தாக்குதல் ஆகிவிடும். 13 ஆண்டுகளில் 11 பட்டம் குதித்து வந்ததல்ல.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேர்ட் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 10 ரீபவுண்ட் எடுத்தவர். கட்டுமஸ்தான ஆட்களுக்கு நடுவே புகுந்து இத்தனை பந்துகளை எடுத்த மனிதரை ‘உடல்திறன் இல்லை, மூளைதான்’ என்பதும் அநியாயம். இந்தப் பங்குபிரிப்பில் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஆனால் நஷ்டம் சமமல்ல. ‘உடம்பு’ என்ற பங்கு கிடைத்தவர்களுக்கு ஆடி முடித்த பிறகு கதவு மூடியது. அதே 1987 ஏப்ரலில், பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் நிர்வாகி அல் கம்பானிஸ், கறுப்பினத்தவர் ஏன் மேலாளர்களாக இல்லை என்ற கேள்விக்கு, அதற்கு வேண்டிய சில தகுதிகள் அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்று தொலைக்காட்சியிலேயே பதில் சொன்னார். பதவி போனது. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னதைப் பல நிர்வாகிகள் மனதுக்குள் வைத்துக்கொண்டு ஆள் எடுத்தார்கள். என்.பி.ஏ.வில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ரஸல் வந்ததே 1966இல்தான். வந்து, ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து, 1968, 1969 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார்.

பிறப்பை வைத்துத் திறமையைப் பங்குபோடும் பேச்சு தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. படிப்பு இவனுக்கு வரும், உடலுழைப்பு அவனுக்கு வரும் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை தலைமுறைகளை வாசலில் நிறுத்திவைத்தோம். அந்த வேதனையை அறிந்த சமூகம் இன்னொரு நாட்டின் அதே பேச்சை யோசிக்காமல் திருப்பிச் சொல்லக் கூடாது.

எகிறுவதை மட்டும் உடல்திறன் என்று எண்ணுவது

வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று மட்டும் கேட்டுவிட்டு பிரேக்கைப் பார்க்காமல் வாங்குவதைப் போன்றது இது. லூக்கா டான்சிச் 2018 டிராஃப்டுக்கு (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்தபோது, ஐரோப்பாவின் யூரோலீக் போட்டியின் எம்.வி.பி. விருதை 19 வயதில் வாங்கியிருந்தார். அப்படியும் ‘வேகம் போதாது, துள்ளல் போதாது’ என்ற முணுமுணுப்பு கேட்டது. இரண்டு பேருக்குப் பிறகுதான் அவர் பெயர் வந்தது. அவருடைய பலம் நிற்பதில் இருக்கிறது. முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்து ஒரே அடியில் நின்றுவிடுவார். காவலுக்கு வந்தவர் இரண்டு அடி தாண்டிப் போயிருப்பார். ஷாட் போட அந்த இடைவெளி போதும். அப்படி உடம்பை நிறுத்த முழங்காலிலும் தொடையிலும் எவ்வளவு பலம் வேண்டும்! அது உடல்திறன் இல்லையா? கறுப்பினத்தவரான ஜேம்ஸ் ஹார்டனிடமும் இதே திறன்தான். ஒரே திறன், ஆனால் தோலைப் பொறுத்து வேறு வேறு பெயர்.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் சோதனைகளும் எல்லாவற்றையும் பிடித்துவிடுவதில்லை. பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டுரான்ட் 2007இல் 84 கிலோ எடையைப் படுத்தபடி ஒருமுறைகூடத் தூக்க முடியாமல் திணறினார். அதேபோல் பின்னாளில் நட்சத்திரமான ஸ்டெஃப் கறியைப் பற்றி 2009இல், வெடிப்பான வேகமும் உடல்திறனும் என்.பி.ஏ. தரத்துக்கு மிகக் கீழே என்று மதிப்பீடு எழுதினார்கள். கறுப்பினத்தவரே ஆனாலும், ஒல்லியான, சிறுபிள்ளை முகம் கொண்ட ஆள் என்றால் கண் ஏமாந்துவிடுகிறது. களத்தில் நிற்கும் நேரமெல்லாம் ஓய்வே இல்லாமல் ஓடி, மூச்சு வாங்கும்போதும் கை நடுங்காமல் எறிகிற உடம்பு அது.

வெள்ளையர்களால் குதிக்க முடியாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் மேக் மக்லங் காணொளியைப் பார்க்கட்டும். 188 சென்டிமீட்டர் உயரம். 2023 டங்க் போட்டியில், ஒருவர் தோள்மேல் இன்னொருவர் உட்கார்ந்து பந்தைப் பிடித்திருக்க, மக்லங் அவர்களைத் தாண்டிப் பறக்கும்போதே பந்தைப் பறித்து, பலகையில் ஒருமுறை தட்டி, திரும்பியபடி வளையத்துக்குள் திணித்தார். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் பட்டம் அவருக்குத்தான். ஆனால் இத்தனை துள்ளலும் அவருக்கு என்.பி.ஏ.வில் நிலையான இடத்தை வாங்கித் தரவில்லை. பெரும்பாலும் அடுத்தகட்ட லீக்கில்தான் ஆடினார்.

எண்கள் வந்துவிட்டால் பாரபட்சம் போய்விடும் என்று நம்புவது

ஜெரமி லின், தைவான் வம்சாவளி அமெரிக்கர். 2006இல் பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளியை கலிஃபோர்னியா மாநிலப் பட்டம்வரை கொண்டுபோனவர். முதல்நிலைக் கல்லூரி ஒன்றுகூட விளையாட்டு உதவித்தொகை தர முன்வரவில்லை. ஹார்வர்டில் ஆடினார். 2010 டிராஃப்டில் 60 பெயர்களில் அவர் பெயர் இல்லை. இரண்டு அணிகள் எடுத்துக் கழற்றிவிட்ட பிறகு நியூயார்க் நிக்ஸில் பெஞ்சின் கடைசியில் இருந்தார். 2012 பிப்ரவரி 4 அன்று வேறு வழியில்லாமல் இறக்கினார்கள், 25 புள்ளிகள். ஆறு நாள் கழித்து, கோபி பிரையன்ட் ஆடிய லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள்.

இதில் கவனிக்க வேண்டியது ஹூஸ்டன் ராக்கெட்ஸின் கதை. அதன் அன்றைய பொது மேலாளர் டேரில் மோரி புள்ளிவிவரத்தை நம்பி அணி கட்டியவர். டிராஃப்டின்போது அவருடைய கணக்கு, லின்னை 15ஆவது இடத்தை ஒட்டி எடுக்கலாம் என்று சொன்னது. எடுக்கவில்லை. பின்னாளில் மோரி அதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: தான் உட்பட எல்லோருமே லின்னுக்கு உடல்திறன் இல்லை என்று நினைத்தோம், அவர் ஆசியர் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை என்று. அதன்பிறகு வீரர்களின் முதல் இரண்டு அடிகளின் வேகத்தை அளக்கத் தொடங்கினார்கள். அளந்தவர்களிலேயே மிக வேகமாக இருந்தது லின்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கைப் படித்த கண்தான் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணை ஒதுக்கியது. இந்தியர்களுக்கு இந்த ஆட்டத்துக்கான உடம்பே கிடையாது என்று நம் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு

‘வறுமையிலிருந்து தப்பிக்க அவர்களுக்கு இது ஒன்றே வழி, அந்த வெறிதான் காரணம்’ என்பது கொஞ்சம் கருணையுள்ள பேச்சு போலத் தெரியும். லெப்ரான் அப்படி வந்தவர், உண்மை. ஆனால் மைக்கேல் ஜோர்டன் நடுத்தரக் குடும்பம். கோபியின் அப்பாவும் ஸ்டெஃப் கறியின் அப்பாவும் என்.பி.ஏ. வீரர்கள். நல்ல சாப்பாடு, பயிற்சியாளர், பிள்ளையை ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டிப்போகப் பெற்றோருக்கு நேரம், இவையெல்லாம் இங்கும் உதவத்தான் செய்கின்றன. பசி யாரையும் உயரமாக்குவதில்லை.

இனப்பேச்சு தப்பு என்பதால் உடம்பே பொருட்டில்லை, எல்லாம் பயிற்சிதான் என்று எதிர்ப்பக்கம் போய்விடவும் கூடாது. என்.பி.ஏ.வில் சராசரி உயரம் 2 மீட்டரை ஒட்டியது. உயரம் பெருமளவு பெற்றோரிடமிருந்து வருவது, நீண்ட கையும் அப்படித்தான். அது அந்தந்தக் குடும்பத்தின், அந்தந்த ஆளின் சமாச்சாரம். யானிஸின் கை நீளத்தை அவருடைய தோல் நிறத்திலிருந்து யாரும் கணித்திருக்க முடியாது.

கடைசியாக, ‘இதெல்லாம் மனித இயல்பு, மாற்ற முடியாது’ என்கிறவர்களுக்கு ஒரு சேதி. ஜோசஃப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1991 முதல் 2004 வரையிலான என்.பி.ஏ. ஆட்டங்களின் ஃபவுல் கணக்கை அலசினார்கள். நடுவர்கள் பெரும்பாலும் வேறு இனத்தவர்களாக இருக்கும் ஆட்டங்களில் ஒரு வீரருக்குச் சற்றே அதிகமாக ஃபவுல் விழுந்தது. கறுப்பு, வெள்ளை இரண்டு பக்கத்திலும் இப்படித்தான். வித்தியாசம் சிறியது, எந்த நடுவரும் வேண்டுமென்று செய்ததாகவும் ஆய்வு சொல்லவில்லை. 2007இல் இது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. லீக் மறுத்தது, சர்ச்சை ஓடியது. சில ஆண்டுகள் கழித்து, பிந்தைய சீசன்களின் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தபிறகு நடந்த சீசன்களில் அந்த வித்தியாசம் இல்லை.